மொட்டை மாடியில் தொடங்கும் வறுமை

சித்திரை மாதம், மதியம் இரண்டு மணி. செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டின் முகப்பைத் தாண்டி உள்ளே போனதும் கண் இருட்டிக்கொண்டு வந்தது. அரை நிமிடத்தில் உடம்பு குளிர்ந்தது. வீட்டுக்காரர்கள் சென்னையில் இருக்கிறார்கள். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் வளவின் (நடுமுற்றத்தின்) ஓரமாகத் தரையில் துண்டை விரித்துப் படுத்திருந்தார். மேலே ஃபேன் கிடையாது.

"வீட்டுக்குப் போய்ப் படுக்கலாமேண்ணே" என்றேன்.

"அங்க எங்க படுக்குறது? ஃபேனைப் போட்டா அனலை அள்ளி மேல வீசுது. கரண்ட் பில்லும் கட்டுறேன், வேர்வையும் ஊத்துது" என்றார்.

ஊருக்கு வெளியே இருக்கிறது அவர் வீடு. ஒரு அறை, ஒரு சமையலறை, தலைக்கு மேல் வெறும் கான்கிரீட். அவர் சொன்ன கடைசி வரிக்குப் படித்தவர்கள் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: எரிபொருள் வறுமை. சமைக்க, விளக்கெரிக்க, வெயிலையோ குளிரையோ தாங்க ஒரு வீட்டுக்கு இவ்வளவு எரிபொருளும் மின்சாரமும் வேண்டும் என்று இருக்கிறது. அதை வாங்கக் கட்டுப்படியாகாமல் தவிப்பது அல்லது வாங்காமலே சமாளிப்பதுதான் எரிபொருள் வறுமை.

சாதாரண வறுமைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கலாம். ஒரே சம்பளம் வாங்கும் இரண்டு குடும்பங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு குடும்பம் வேப்பமர நிழலில் நாட்டு ஓடு வேய்ந்த வீட்டில் இருக்கிறது. இன்னொரு குடும்பம் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்குக் கீழே இருக்கிறது. கையில் வரும் பணம் ஒன்றுதான். ஆனால் இரண்டாவது குடும்பம் இரவு முழுக்க ஃபேனை ஓட விட்டும் தூங்க முடியாது. வருமானக் கணக்கில் இந்த வித்தியாசம் தெரியாது.

அடுப்புக்கு மூன்று கல் போல இதற்கும் மூன்று கல் உண்டு: வருமானம், எரிபொருளின் விலை, வீடு. சம்பளத்தை நாம் ஒரு ஊராகக் கூடி ஏற்றிவிட முடியாது. சிலிண்டர் விலையும் மின் கட்டணமும் எங்கோ தீர்மானமாகிறவை. மூன்றாவது கல்லான வீட்டைத்தான் ஊர்க்காரர்கள் கைவைத்து நகர்த்த முடியும்.

இந்தச் சொல் பிறந்த இடம் பிரிட்டன். அங்கே பிரச்சினை குளிர். பழைய வீடுகள், மெல்லிய கூரை, ஹீட்டரைப் போட்டாலும் சூடு வெளியே ஓடிவிடும். வருமானத்தில் 10 சதவீதத்துக்கு மேல் எரிபொருளுக்குப் போனால் அது எரிபொருள் வறுமை என்ற அளவுகோலை 1991-இல் பிரெண்டா போர்ட்மேன் என்ற ஆய்வாளர் முன்வைத்தார். 2000-இல் அங்கே இதற்கென ஒரு சட்டமே வந்தது. இங்கிலாந்தில் 2021 முதல் அளவுகோல் மாறியிருக்கிறது: குறைந்த வருமானத்தோடு, வீடு எவ்வளவு ஆற்றலை வீணாக்குகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். மூன்றாவது கல்லைக் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

அங்கே நடந்த உள்ளூர் முயற்சிகளில் எனக்குப் பிடித்தது யார்க்ஷயர் பகுதியில் கிர்க்லீஸ் என்ற உள்ளாட்சி செய்தது. 2007 முதல் 2010 வரை தெருத் தெருவாகப் போய், கதவைத் தட்டி, கூரைக்குக் கீழும் சுவர் இடுக்கிலும் வெப்பம் கடத்தாத பொருளை இலவசமாக அடைத்துக் கொடுத்தார்கள். 50,000-க்கும் மேற்பட்ட வீடுகள். வருமானச் சான்றிதழ் கொண்டு வா என்று யாரையும் கேட்கவில்லை. தாசில்தார் ஆபீஸ் வாசலில் சான்றிதழுக்காக நின்று பழகிய நமக்கு அந்த ஒரு விஷயமே பெரிதாகத் தெரியும்.

நம் ஊரில் பிரச்சினை தலைகீழ். சூடு உள்ளே வராமல் தடுக்க வேண்டும். கூடவே அடுப்பு இருக்கிறது. சாண் அகலப் புகைக்கூண்டுகூட இல்லாத சமையலறைகள் நம்மிடம் இன்னும் இருக்கின்றன. ஆகவே அந்த 10 சதவீதக் கணக்கை அப்படியே இங்கே கொண்டுவந்தால் ஏமாந்துபோவோம். மாதம் 9,000 ரூபாய் வருமானம் உள்ள வீட்டில் மாதம் ஒரு சிலிண்டர் போட்டால் (2025 ஏப்ரலில் சென்னை விலை ரூ. 868.50) அதுவே பத்தில் ஒரு பங்கை நெருங்கிவிடும். சரி, இவர் ஏழை என்று கணக்கு சொல்லும். பக்கத்து வீட்டு அம்மா கண்மாய்க் கரையில் சுள்ளி பொறுக்கிச் சமைக்கிறார். எரிபொருள் செலவு பூஜ்ஜியம். கணக்கின்படி அவருக்கு எரிபொருள் வறுமையே இல்லை! இருமிக்கொண்டே ஊதுகுழலை ஊதுகிறவர் கணக்கில் விழமாட்டார்.

இனி வீட்டுக்கு வருவோம். நம்மிடம் பேச நிறைய இருக்கும் இடம் இதுதான்.

செட்டிநாட்டு வீடு ஏன் குளிர்ச்சியாக இருக்கிறது? பணம் இருந்தது, பர்மாத் தேக்கு வந்தது என்று சொல்லி முடித்துவிடுகிறோம். தேக்குக்கும் குளிர்ச்சிக்கும் அவ்வளவு சம்பந்தமில்லை. தடிமனான செங்கல் சுவர் பகல் வெயிலை மெதுவாகத்தான் உள்ளே விடும். சூடு உள்பக்கம் வந்து சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும். சரிவான கூரையில் நாட்டு ஓட்டை அடுக்கடுக்காகப் போட்டிருப்பார்கள். ஓட்டுக்கும் ஓட்டுக்கும் இடையில் சிக்கியிருக்கும் காற்றுதான் உண்மையான காப்பு. அதைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. நடுவில் வளவு திறந்திருப்பதால் சூடான காற்று மேலேறி வெளியே போகும். அந்த இடத்தை நிரப்ப முகப்பு வழியாகவும் பின்கட்டு வழியாகவும் நிழலில் கிடந்த காற்று உள்ளே வரும். கடுக்காயும் வெல்லமும் முட்டை வெள்ளையும் சேர்த்து அரைத்த சுண்ணாம்புப் பூச்சின் பளபளப்பைத் தொட்டுப் பார்த்து எல்லோரும் படம் எடுத்துக்கொள்கிறார்கள். வெளிச்சுவரின் வெள்ளை வெயிலைத் திருப்பி அனுப்புகிறது என்பதை யாரும் படம் எடுக்க முடியாது.

இடையில் ஒரு சின்ன விஷயம். ஆத்தங்குடிக் கல்லைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடியின் மேல் வண்ணக் கலவையை ஊற்றி, மணலும் சிமென்டும் வைத்து அழுத்தி, தண்ணீரில் ஊறப் போட்டு, வெயிலில் காயவைத்து எடுக்கிறார்கள். ஒரு சுள்ளி விறகு எரிக்காமல் உருவாகி, ஆயுசுக்கும் காலுக்குக் குளிர்ச்சி தருகிற தரை அது.

இந்த அறிவெல்லாம் பெரிய வீட்டோடு நின்றுபோனது. சின்ன வீட்டுக்கு வரவில்லை. குடிசை ஒழிந்து கான்கிரீட் வீடு வர வேண்டும் என்பதில் மறுப்பே இல்லை. மழைக்கும் தீக்கும் பாம்புக்கும் பயந்து வாழ்ந்தவர்களுக்கு அது விடுதலை. 2011-இல் தொடங்கிய பசுமை வீடுகள் திட்டத்தில் 300 சதுர அடியில், ஆண்டுக்கு 60,000 வீடுகள் என்று திட்டமிட்டார்கள். சூரிய மின்சக்தியில் எரியும் 5 விளக்குகளும் கொடுத்தார்கள். நல்ல யோசனைதான். ஆனால் வெளிச்சத்தைச் சூரியனிடமிருந்து வாங்கியவர்கள், அதே சூரியனைக் கூரையில் தடுக்க ஒன்றும் செய்யவில்லை. கீற்றுக் கூரை ஒழுகும், ஆனால் சூடாகாது. கான்கிரீட் ஒழுகாது, ஆனால் நான்கைந்து அங்குலக் கனத்துக்குப் பகல் முழுக்க வெயிலைக் குடித்துவைத்துக்கொண்டு, இரவு படுக்கப்போகிற நேரத்தில் கீழே விடத் தொடங்கும். ஃபேன் அந்தச் சூட்டைத்தான் நம் மேல் தள்ளுகிறது. அண்ணன் சொன்ன அனல் அதுதான்.

வசதி உள்ளவர்கள் மாடியில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டு, மேலே தட்டையான ஓடு பதிப்பார்கள். அதற்குச் செலவு பிடிக்கும். செலவில்லாத வழி மொட்டை மாடிக்கு வெள்ளை அடிப்பது. சிரிக்காதீர்கள். தெலங்கானா அரசு 2023-இல் குளிர் கூரைக்கென்றே ஒரு கொள்கை வெளியிட்டது. அதன் அடிப்படை இந்த வெள்ளைதான். கறுத்துப்போன சிமென்ட் தளம் தன் மேல் விழும் வெயிலில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். வெள்ளை அடித்த தளம் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். கீழே அறையில் 2 முதல் 4 டிகிரி வரை குறைய வாய்ப்புண்டு. கேட்க அற்பமாக இருக்கும். தூக்கம் வருவதற்கும் வராததற்கும் நடுவில் இருப்பது அந்த இரண்டு டிகிரிதான். மாடியைக் கூட்டிக் கழுவிக் காயவிட்டு, நீர்த்த சுண்ணாம்பைப் பசை கலந்து இரண்டு கோட்டிங் அடித்தால் போதும். மாசியில் அடித்தால் கோடை தாங்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கரையும், அழுக்குப் படியும், அடுத்த வருடம் மறுபடி அடிக்க வேண்டும். கடையில் கிடைக்கும் குளிர்ச்சிப் பெயின்ட் சில வருடம் நிற்கும், விலையும் அதற்கேற்றபடி. ஷீட் போட்ட வீட்டுக்காரர்கள் சிலர் மேலே தென்னங்கீற்று பரப்பிவிடுகிறார்கள். அது நன்றாக வேலை செய்கிறது. ஆனால் தீப்பொறிக்குப் பயப்பட வேண்டும், அடுப்படிக்கு மேல் வேண்டாம்.

அடுத்து அடுப்பு. விறகடுப்பில் எரிகிற சூட்டில் எட்டில் ஒரு பங்கு பாத்திரத்துக்குப் போனாலே பெரிது. மீதி சுவருக்கும் சேலைக்கும் கண்ணுக்கும் போகிறது. நல்ல கேஸ் அடுப்பில் பாதிக்கு மேல், மூன்றில் இரண்டு பங்கு வரை பாத்திரத்துக்குப் போகும். வெப்ப அளவை வைத்துக் கணக்குப் போட்டால் 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று செய்கிற வேலையைச் செய்ய 200 கிலோவுக்கு மேல் விறகு வேண்டும். விறகு சும்மா கிடைக்கிறது என்கிறோமே, 200 கிலோ சீமைக்கருவேலை வெட்டி முள் குத்திச் சுமந்து வருவது யாருடைய முதுகு? உலக சுகாதார நிறுவனக் கணக்கில், வீட்டுக்குள் எரியும் புகையால் 2020-இல் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 32 லட்சம் பேர் இறந்திருக்கிறார்கள்.

அப்படியானால் கேஸ் கொடுத்தால் முடிந்ததா? தமிழ்நாட்டில் 2006–11 ஆட்சிக் காலத்தில் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச கேஸ் இணைப்பும் அடுப்பும் கொடுத்தார்கள். 2016 மே மாதம் மத்திய அரசின் இலவச கேஸ் இணைப்புத் திட்டமான உஜ்வலா வந்தது. இணைப்பு ஏறக்குறைய எல்லா வீட்டுக்கும் போய்விட்டது. சிக்கல் அடுத்த சிலிண்டரில். உஜ்வலா இணைப்பு உள்ளவர்களுக்கு 2023 அக்டோபரிலிருந்து ஒரு சிலிண்டருக்கு 300 ரூபாய் மானியம், ஆனால் முதலில் முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டுத்தான் மானியத்தை வங்கிக் கணக்கில் எதிர்பார்க்க வேண்டும். தினக்கூலிக்காரர் அரிசி, எண்ணெய் எல்லாவற்றையும் அன்றன்றைக்கு வாங்குகிறவர். எண்ணூறு ரூபாய்க்கு மேல் ஒரே நாளில் எடுத்து வைக்கச் சொன்னால் எங்கே போவார்? அதனால்தான் சிலிண்டரைக் காப்பிக்கும் விருந்தாளிக்கும் வைத்துக்கொண்டு, சோற்றுக்கும் வெந்நீருக்கும் விறகடுப்பு. இரண்டும் இருக்கும் வீட்டைப் பார்த்து "கேஸ் இருந்தும் பழக்கத்தை விடமாட்டேங்கிறாங்க" என்று பேசுகிறவர்களைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும்.

இங்கே ஒரு பழைய ஆளைப் பற்றிச் சொல்ல வேண்டும்: கொடியடுப்பு. முதல் அடுப்பில் எரிகிற தீயின் சூடு வீணாகாமல் ஒரு துளை வழியாகப் பக்கத்து அடுப்புக்குப் போகும். முதல் அடுப்பில் உலை கொதிக்கும், கொடியடுப்பில் குழம்பு சுண்டும். யாரோ ஒரு அப்பத்தா மண்ணைப் பிசைந்து செய்த ஆற்றல் சேமிப்பு அது. 1983-இல் அரசு தொடங்கிய புகையில்லா அடுப்புத் திட்டமும் ஏறக்குறைய இதே வடிவத்தில் குழாய் வைத்துத்தான் வந்தது, 2002-இல் நிறுத்திவிட்டார்கள். நம் பாத்திரத்துக்குப் பொருந்தாத துளை, தூர்வாராத குழாய், பழுது பார்க்க ஆளில்லாமை என்று அதற்குப் பல காரணம். அடுப்பை வைத்துச் சமைக்கிறவரைக் கேட்காமல் செய்த அடுப்பு அடுப்படியில் நிற்காது.

காரைக்குடிப் பக்கம் வீட்டிலேயே தேன்குழல், அதிரசம், மாவுருண்டை போட்டு விற்கும் பெண்களுக்கு இன்னும் சிக்கல். வீட்டுச் சிலிண்டரில் வியாபாரத்துக்குப் பலகாரம் போடக் கூடாது. 19 கிலோ வணிகச் சிலிண்டர் விலையோ இரு மடங்கு. மணிக்கணக்கில் எண்ணெய்ச் சட்டி காய வேண்டும். ஆகவே விறகு. நல்ல விறகடுப்பும் ஒரு புகைக்கூண்டும் யாருக்கு முதலில் போக வேண்டும் என்று கேட்டால் நான் இவர்களைத்தான் காட்டுவேன். மற்றபடி பருப்பை ஊறவைப்பது, மூடி போட்டு வேகவைப்பது, குக்கர் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததே. காலையில் அடுப்பே பற்றவைக்க வேண்டாத உணவான பழைய சோற்றை மட்டும் இந்தப் பட்டியலில் யாரும் சேர்ப்பதில்லை.

இனி மின்சாரம். தமிழ்நாட்டில் 2016 மே மாதத்திலிருந்து வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். ஒரு சாதாரண சீலிங் ஃபேன் 75 வாட். ஒரு நாளைக்கு 16 மணி நேரம் ஓடினால் 60 நாளில் 72 யூனிட். அதாவது ஒரே ஒரு ஃபேன் இலவசத்தின் பெரும்பகுதியைத் தின்றுவிடுகிறது. பிஎல்டிசி என்று சொல்கிற புது வகை ஃபேன் 30 வாட் அளவில் அதே காற்றைக் கொடுக்கும். 60 நாளில் 29 யூனிட். இரண்டு ஃபேன் உள்ள வீட்டில் 144 யூனிட் 58 ஆகும். விலை சாதாரண ஃபேனைவிட ஆயிரம் ரூபாய்க்கு மேல் கூடுதல்.

இதில் ஒரு முரண் இருக்கிறது. 100 யூனிட்டுக்குள் ஓட்டும் ஏழை வீட்டுக்குப் புது ஃபேனால் ஒரு ரூபாய்கூட மிச்சமாகாது, ஏனென்றால் பில்லே இல்லை. மிச்சம் முழுக்க அரசுக்கு. அப்படியென்றால் அந்த ஃபேனை வாங்கிக் கொடுக்க வேண்டியது யார்? எல்இடி பல்பில் இந்தக் கேள்விக்குப் பாதி பதில் கிடைத்தது: 2015-இல் தொடங்கிய உஜாலா திட்டத்தில் அரசு நிறுவனம் மொத்தமாக வாங்கி விற்றதால் விலை சரிந்து, 60 வாட் குண்டு பல்பு இருந்த இடத்தில் 9 வாட் வந்து உட்கார்ந்தது. ஃபேனுக்கும் அதே போல் செய்யலாம்.

கொஞ்சம் அதிகம் செலவழிக்கும் வீடுகளுக்கு, யூனிட் கூடக் கூட விலையும் ஏறுகிற கட்டணப் படிக்கட்டு முக்கியம். 2022 செப்டம்பர் கட்டண அட்டவணையை எடுத்துக்கொண்டால், இரண்டு மாதத்தில் 500 யூனிட் ஓட்டிய வீட்டுக்கு 1,725 ரூபாய். 501 ஓட்டினால் 1,958. ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாயா என்று மலைக்க வேண்டாம். 500-ஐத் தாண்டியதும் 101-லிருந்து 200 வரையான யூனிட்டுகளுக்கான பாதி விலைச் சலுகை பறிபோகிறது. ஆகவே ஈபி கார்டில் போன தடவை எழுதிய ரீடிங்கை வைத்து நடுவில் ஒருமுறை மீட்டரைப் பார்ப்பது நல்லது.

இந்தப் படிக்கட்டில் ஏறவே முடியாதவர்கள் வாடகைக்கு இருப்பவர்கள். ஒரே இணைப்பில் நான்கு குடித்தனம், ஆளுக்கொரு சின்ன மீட்டர், யூனிட்டுக்கு வீட்டுக்காரர் சொன்ன விலை. இலவச 100 யூனிட் அவர்களை எட்டுவதே இல்லை. வருடத்துக்கு ஒருமுறை திறக்கிற பெரிய வீட்டுக்கும் 100 யூனிட் இலவசம் உண்டு, அதன் பின்புறத்தில் குடியிருப்பவருக்குக் கிடையாது. ஊரில் இதை யாரும் பெரிய அநியாயமாகப் பேசிக் கேட்டதில்லை, பழகிவிட்டது.

ஊராகச் சேர்ந்து செய்தவர்கள் தமிழ்நாட்டிலேயே இருக்கிறார்கள். மேட்டுப்பாளையம் பக்கம் ஓடந்துறை ஊராட்சி 2006-இல் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றைச் சொந்தமாக வாங்கியது. கடன் வாங்கித்தான். ஊராட்சியின் மின் செலவை ஈடுகட்டி, மிஞ்சிய மின்சாரத்தை விற்றுக் கடனையும் அடைத்தார்கள். நமக்கு அந்தக் காற்று இல்லை, வெயில் இருக்கிறது. தெற்கே கமுதியில் 2016-இலேயே 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் வந்துவிட்டது. காரைக்குடியிலேயே 1953-லிருந்து மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இயங்குகிறது. பேட்டரி ஆராய்ச்சி நடக்கும் ஊரில், கொடுத்த சோலார் விளக்கின் பேட்டரி செத்தால் எங்கே கொண்டுபோய் மாற்றுவது என்று தெரியாமல் விளக்கை ஆணியில் மாட்டி வைத்திருக்கும் வீடுகள் இருக்கின்றன. 2024-இல் வந்த கூரைச் சூரிய மின் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம். ஆனால் சொந்தக் கூரை, சொந்த இணைப்பு, கையில் மீதிப் பணம் மூன்றும் உள்ளவருக்குத்தான் அது பயன்படும்.

ஆகவே நான் சின்னதாகத்தான் யோசிக்கிறேன். மகளிர் குழுவில் மாட்டுக்கும் தையல் மிஷினுக்கும் கடன் கொடுப்பது போல ஃபேனுக்கும் சிலிண்டருக்கும் சுழற்சியில் கொடுக்கலாம். மாதம் நூறு என்று திருப்பிக் கட்டுவது முடிகிற காரியம். அரசு வீடு கட்டும்போதே மாடிக்கு வெள்ளை அடித்துத்தான் சாவி கொடுக்க வேண்டும் என்று கிராம சபையில் ஒரு தீர்மானம் போடலாம்.

அண்ணன் தீர்மானத்துக்குக் காத்திருக்கவில்லை. அடுத்து வந்த பொங்கலுக்குப் பெரிய வீட்டுச் சுவருக்கு வெள்ளை அடித்ததில் ஒரு வாளி சுண்ணாம்பு மிஞ்சியது. அதை வீட்டுக்குக் கொண்டுபோய் மாடியில் அடித்துவிட்டார். போதாததற்குக் கடையில் இன்னும் கொஞ்சம் வாங்கிக்கொண்டார். பங்குனியில் பார்த்தபோது கேட்டேன். "ராத்திரி பதினோரு மணிக்கு வந்த தூக்கம் இப்ப ஒம்பதரைக்கே வருது" என்றார். அவர் மனைவிக்கு மட்டும் ஒரு குறை. "வெள்ளையா வெள்ளைய அடிச்சு வச்சுட்டாரு. மாடில வத்தல் காயப்போடப் போனா கண்ணு கூசுது தம்பி. காக்கா வந்து உக்காந்தாக்கூடத் தெரிய மாட்டேங்குது."